இரண்டாம் பிரதி எங்கே?

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் எங்கள் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. சற்றுச் சுருக்கித் தருகிறோம்.)



இந்தக் கூடுகையில் வழக்கமாக நான் தியானம் கொடுப்பேன். இந்த வருஷம் நிர்வாகக் குழுவினர், "ஐயா, நம்முடைய கம்ப்யூட்டர் பதிவுகளைப் பாதுகாப்பதைப் பற்றி நீங்களே பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு குருவானவருக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நம் மருத்துவமனையில் ஒரு பிரிவின் ஏழு மாதக் கோப்புகளை அழித்தவன் நான்தான். ஆகவேதான் என்னைப் பேசச் சொன்னார்கள்.

ஒரு வியாழக்கிழமை மாலை

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நம் மருத்துவமனையில் ஒவ்வொரு பிரிவுக்கும் சர்வரில் ஒரு பொது ஃபோல்டர் உண்டு. பழைய காலத்தில் வராந்தாவில் ஒரு மர பீரோ இருக்கும், பிரிவில் உள்ள எல்லாரிடமும் அதற்குச் சாவி இருக்கும் அல்லவா? அதைப்போலத்தான் இதுவும். நான் வைப்பதை மற்றவர் எடுக்கலாம், மற்றவர் வைப்பதை நான் எடுக்கலாம். எங்கள் ஆற்றுப்படுத்தும் பிரிவின் ஃபோல்டரில் மரித்தோரின் குடும்பங்களுடைய விலாசங்கள், வீடு சந்திப்புக் குறிப்புகள், மருத்துவக் கட்டணச் சலுகைக்காக எழுதிய கடிதங்கள் ஆகியவை இருந்தன.

என் மேசைக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. பழைய பிரதி ஒன்று கிடக்கிறதே, அதை நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். நான் திறந்திருந்தது என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதி அல்ல, சர்வரில் இருந்த அசல். "நிரந்தரமாக அழிக்கவா?" என்று அது கேட்டது. "ஆம்" என்று அழுத்தினேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் எங்கள் பிரிவுச் சகோதரி வந்து, "ஐயா, நம்ம ஃபோல்டரைக் காணோமே, பெயரை மாத்தினீங்களா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. நெட்வொர்க் வழியாக அழிக்கும் கோப்பு நம் மேசைக் குப்பைத்தொட்டிக்கு வராது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பியை அழைத்தேன். "தம்பி, அந்தப் பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கிறது என்று சொன்னாயே, ஒன்றில் போனாலும் மற்றதில் இருக்கும் அல்லவா?" என்றேன்.

"இல்லை ஐயா. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது கைகொடுக்கும். அதற்காகத்தான் இரண்டு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் எழுதும், ஒரே நேரத்தில் அழிக்கும். நீங்கள் அழித்த அந்த நொடியிலேயே இரண்டிலும் போய்விட்டது" என்றான்.

கண்ணாடிக்கு முன் நிற்கிறவன் விழுந்தால் கண்ணாடிக்குள் இருக்கிறவனும் விழுகிறான். அவன் கை கொடுத்துத் தூக்க மாட்டான்.

ஆனாலும் நம்பிக்கை இருந்தது. ஒவ்வொரு இரவும் சர்வரிலிருந்து ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுக்கும் ஏற்பாடு பல வருஷமாக உண்டு. தம்பி அதைத் திறந்து பார்த்தான். கடைசிப் பிரதியின் தேதி ஜனவரி மாதத்தில் இருந்தது. அந்த டிஸ்க் நிறைந்துபோயிருக்கிறது. இடம் இல்லை என்று சர்வர் இரவுதோறும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அந்த விலாசமோ இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப்போன ஓர் ஊழியருடையது. ஏழு மாதம் அது அறிவித்துக்கொண்டே இருந்தது, கேட்க ஒருவரும் இல்லை. அழிந்ததை மீட்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தான். இரவு முழுவதும் சர்வர் வேலை செய்ததால், காலியான இடத்தில் வேறு கோப்புகள் ஏறியிருந்தன.

ஜனவரி வரை இருந்தவை திரும்பக் கிடைத்தன. அதற்குப் பின் எழுதிய எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஏழு மாதத்தில் இருந்த ஒன்று

குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதைச் சொல்லுகிறேன். பெயரும் ஊரும் சொல்லப்போவதில்லை.

அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் நம் வார்டில் ஒரு தாய் இருந்தார்கள். வயது முப்பத்துநான்கு. தான் பிழைக்கப்போவதில்லை என்று அறிந்திருந்தார்கள். பதினோரு வயதில் ஒரே மகள். "ஐயா, அவளுக்குப் பதினெட்டு வயசாகும்போது குடுக்கணும், எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டார்கள். மூன்று மத்தியானங்கள் படுக்கையருகே உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு அதை டைப் செய்து வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார்கள். நான்கு பக்கம் வந்தது. இப்போதே வீட்டில் வைத்தால் பிள்ளை எடுத்துப் பார்த்துவிடும் என்று, அதை என்னிடமே ஒப்படைத்தார்கள். மே மாதம் மரித்துப்போனார்கள்.

அச்செடுத்து ஓர் உறையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கையெழுத்துக் குறிப்புகளையும் டைப் செய்த பின் கிழித்துப்போட்டேன். சர்வரில் இருப்பதால் பத்திரம் என்று நினைத்தேன்.

பிரியமானவர்களே, நான் அதிகமாகச் சொல்ல விரும்பவில்லை. செப்டம்பர் மாதம் அந்தப் பிள்ளையின் தகப்பனாரைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுதினது போயிட்டுது ஐயரே. ஆனா நீங்க காதால கேட்டீங்கல்ல. ஞாபகம் இருக்கிறத எழுதுங்க" என்றார்.

அந்த வேளையில் எரேமியாவின் புஸ்தகம் 36-ம் அதிகாரம் எனக்கு நினைவுக்கு வந்தது. பாருக் எழுதிய சுருளை ராஜாவாகிய யோயாக்கீம் அறுத்துத் தீயில் போட்டான். தீர்க்கதரிசி மறுபடியும் சொல்ல, பாருக் மறுபடியும் எழுதினான். இரண்டாம் சுருளில் முன்னிருந்ததைவிட அதிக வார்த்தைகள் சேர்ந்தன என்று அங்கே வாசிக்கிறோம். எனக்கோ சொல்லித்தர அந்தத் தாய் இல்லை. அப்போது அருகில் இருந்த செவிலியர் சகோதரியும் நானும் தனித்தனியே நினைவில் இருந்ததை எழுதி, பிறகு ஒப்பிட்டோம். நான்கு பக்கம் ஒன்றேகால் பக்கமாயிற்று. நாங்கள் இருவரும் ஒன்றுபோல நினைவுகூர்ந்த வாக்கியங்கள் ஒன்பது. மற்றவற்றை "இப்படிச் சொன்னதாக நினைவு" என்று குறித்து எழுதியிருக்கிறோம்.

பெரிய இடங்களிலும் இதே கதை

சிறிய மருத்துவமனை, விவரம் தெரியாத குருவானவர், ஆகவே இப்படி ஆயிற்று என்று நீங்கள் எண்ணலாம். அப்படியல்ல.

தென்கொரியா கம்ப்யூட்டர் துறையில் நமக்கெல்லாம் முன்னோடியான தேசம். அங்கே அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை மேசைக் கம்ப்யூட்டரில் வைக்காமல், 'ஜி-டிரைவ்' என்னும் பொதுச் சேமிப்பில் வைக்கும்படி 2018-ல் அறிவுறுத்தப்பட்டார்கள். ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம். 2025 செப்டம்பர் 26 அன்று, தேஜான் நகரில் உள்ள அரசாங்கத் தகவல் மையத்தில் பேட்டரியில் தீப்பிடித்தது. அந்த ஜி-டிரைவ் எரிந்துபோயிற்று. 858 டெராபைட். மையத்தின் மற்றப் பல பதிவுகளுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. அளவு மிகவும் பெரிது, ஆகவே வெளியே பிரதி எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். மேசையில் வைக்காதே, பொது இடத்தில் வை என்ற சொல்லுக்கு மிகவும் உண்மையாகக் கீழ்ப்படிந்தவர்கள்தான் அதிகமாக இழந்தார்கள்.

இன்னொரு சம்பவம், 2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுகிறவர்களுக்காகச் சேவை நடத்தும் 'கிட்லேப்' நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரவு வெகுநேரம் வேலை செய்த களைப்பில், தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். 300 ஜிகாபைட் அளவு இருந்ததில் நான்கரை ஜிகாபைட் மிஞ்சியபோதுதான் கவனித்து நிறுத்தினார். பிரதி எடுக்க ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் சமயத்துக்கு உதவவில்லை. பேக்கப் தோற்றுப்போகிறது என்று அறிவிக்கும் மின்னஞ்சல்களும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. நம்முடைய கதையேதான். வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதி இருந்ததால் பெரும்பகுதி தப்பியது.

பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் 'டாய் ஸ்டோரி 2' படமும் இப்படித் தப்பியதுதான். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பும் சரியாக எடுக்கப்பட்டிருக்கவில்லை. கேலின் சஸ்மன் என்னும் அதிகாரி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வதற்காக வீட்டில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. தற்செயலாய்த் தப்பியது, அவ்வளவுதான்.

ஏற்பாடு செய்திருந்ததால் தப்பிய ஒரு மருத்துவமனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டில்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று அதன் சர்வர்களில் யாரோ புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. புறநோயாளிப் பதிவு, பரிசோதனை முடிவுகள், கட்டணம் எல்லாம் ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்தில் நடந்தன. வரிசைகள் நீண்டன, மக்கள் கஷ்டப்பட்டார்கள். ஆனால் நோயாளிகளின் விவரங்கள் திரும்பக் கிடைத்தன. தாக்குதலுக்கு உட்படாத ஒரு பேக்கப் சர்வர் தனியே இருந்தது. அதிலிருந்து எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். இரண்டு வாரக் கஷ்டத்தோடு முடிந்ததற்கும், எல்லாமே போயிருப்பதற்கும் இடையே நின்றது அந்த ஒரு சர்வர்தான்.

நாம் செய்த மாற்றங்கள்

2005-ல் பீட்டர் க்ரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர், படங்களைப் பாதுகாப்பது பற்றிய தம் புத்தகத்தில் ஓர் எளிய விதியைக் கொடுத்தார். மூன்று, இரண்டு, ஒன்று. எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். நம் தம்பி இந்த விதியை ஒரு தாளில் எழுதி சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறான்.

முதலாவது, இப்போது ஒவ்வொரு இரவும் பொது ஃபோல்டர்கள் அனைத்தும், மருத்துவமனைக்கு வெளியே வளாகத்தின் மறுகோடியில் உள்ள செவிலியர் பள்ளிக் கட்டடத்தில் இருக்கும் இன்னொரு பெட்டிக்குப் பிரதியாகின்றன. முப்பது நாளைய நிலைகள் அதில் தனித்தனியே நிற்கும். இன்று நான் ஒன்றை அழித்தாலும், அல்லது தவறாகத் திருத்திச் சேமித்தாலும், நேற்றையது அங்கே இருக்கும். நோயாளிப் பதிவு மென்பொருள் எந்நேரமும் திறந்து எழுதிக்கொண்டிருப்பதால், அதன் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய கடிதத்தை நகலெடுத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே அந்த மென்பொருளே தன் பதிவுகளை முழுமையாக எழுதி வெளியே தரும்படி செய்து, அதைத்தான் பிரதி எடுக்கிறோம்.

இரண்டாவது, வாரம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் எடுக்கிறோம். இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். எடுத்து முடிந்தவுடன் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஏனென்றால், பூட்டுப்போட வருகிற திருடன் நெட்வொர்க்கில் எதையெல்லாம் தொட முடியுமோ அதையெல்லாம் பூட்டுகிறான். மாட்டியே வைத்திருக்கும் பேக்கப்பும் அவன் கைக்கு எட்டும். கழற்றிப் பெட்டிக்குள் வைத்தது எட்டாது. ஒரு டிஸ்க் எப்போதும் ஊருக்குள் வேறொரு இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். நோயாளிகளின் அந்தரங்கம் அதில் இருப்பதால், கடவுச்சொல் இல்லாமல் யாரும் திறக்க முடியாது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஃபோல்டரைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்து, பிரதியிலிருந்து மீட்டு, அந்தப் பிரிவினர் முன்னிலையில் திறந்து பார்க்கிறோம். முதல் தடவையே தோற்றுப்போனோம். டிஸ்க் நன்றாக இருந்தது. கடவுச்சொல் எழுதிய தாள் எங்கே என்று கேட்டேன். சர்வர் அறை அலமாரியில் இருந்தது! அறை எரிந்தால் தாளும் எரியும், பிறகு அந்த டிஸ்க் வெறும் இரும்பு. இப்போது அது இரண்டு உறைகளில், இரண்டு பேரிடம், இரண்டு இடங்களில் இருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சலும் இனி ஒரு தனி நபருக்குப் போவதில்லை. மூன்று பேருக்குப் போகிறது, அதில் நானும் ஒருவன். "எல்லாம் சரி" என்ற செய்தியும் தினமும் வருகிறது. அது வராத நாளில் போய் விசாரிக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

நீங்கள் கொடுத்த கட்டில்களில் உங்கள் சபைகளின் பெயர் இருக்கிறது. நீங்கள் கட்டித் தந்த வார்டின் வாசலில் கல்வெட்டு இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கில் யாரும் பெயர் பொறிப்பதில்லை. அது நன்றாக வேலை செய்யும் வருஷமெல்லாம் வீண்செலவுபோலவே தோன்றும். கணக்குக் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். நம் பழைய டிஸ்க் நிறைந்தபோது ஒரு புதிய டிஸ்க்குக்கு ஆகியிருக்கும் செலவு, வெளியூர்க் குடும்பம் ஒன்றைப் பார்த்துவர நாங்கள் எடுக்கும் டாக்ஸி வாடகையைவிட அதிகம் இராது.

உங்கள் சபை அலுவலகங்களையும் நினைத்துப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு, அடக்கப் பதிவு, கல்லறைத் தோட்டத்து வரைபடம் ஆகியவற்றை இப்போது பல சபைகள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கின்றன. நல்லது. அதன் பிரதி ஒரு பென் டிரைவில் இருக்கும். அந்தப் பென் டிரைவ் அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும். திருடன் வந்தாலும், கூரை ஒழுகினாலும், தீப்பிடித்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஊருக்குத் திரும்பியவுடன் உங்கள் செயலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாம் பிரதி எங்கே? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார்? முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அந்தத் தாமதத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

முடித்துக்கொள்ளுகிறேன். அந்தப் பிள்ளைக்கு 2030-ம் ஆண்டு பதினெட்டு வயது நிறையும். அப்போது நான் இந்தப் பொறுப்பில் இருக்கமாட்டேன், ஓய்வு பெற்றிருப்பேன். உயிரோடிருப்பேனோ, அது தேவனுக்குத்தான் தெரியும். அந்த ஒன்றேகால் பக்கம் சர்வரில் இருக்கிறது, செவிலியர் பள்ளிப் பெட்டியில் இருக்கிறது, வெளி டிஸ்க்கில் இருக்கிறது. அச்செடுத்த தாள் ஓர் உறையில் என் மேசையிலும், இன்னோர் உறையில் செவிலியர் சகோதரியிடமும் இருக்கிறது. யாருக்கு, எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்று உறையின் மேல் எழுதியிருக்கிறோம். எனக்குப் பின் வருகிறவருக்கான குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் சோதனை நாளில் எங்கள் பிரிவின் பெயர் சீட்டில் விழுந்தது. தம்பி வெளி டிஸ்க்கிலிருந்து அந்தக் கோப்பை மீட்டுத் திரையில் திறந்தான். "ஐயா, சரியாக இருக்கிறதா, பாருங்கள்" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒன்பது வாக்கியங்களையும் வாசித்தேன். எல்லாம் இருந்தன.